மேசையின் வடக்கு

இட்லித் தட்டு மங்கையர்க்கரசியின் வீட்டிலும்தான் இருக்கிறது. மூன்றடுக்கு, அலுமினியம், நடுத்தட்டில் ஒரு குழி நசுங்கிப் போய், அதில் வேகிற இட்லி மட்டும் பல்வலிக்காரன் கன்னம் மாதிரி ஒரு பக்கம் வீங்கித்தான் வரும். இருபத்தாறு வருஷமாக அதில் மாவு ஊற்றுகிற கைதான் இது. இதே கைதான் மதுரை நகரமைப்பு அலுவலகத்தில் இருபத்து மூன்று வருஷமாக வரைபடமும் போடுகிறது. ஒரே கை செய்கிற இரண்டு வேலை, ஒன்றுக்கொன்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக் கூடாதா? சொல்லிக்கொள்ளவில்லையே. தளப்பரப்புக் குறியீடு, தளப்பரப்புக் குறியீடு என்று மனு கொண்டுவந்த எத்தனை பேரிடம் தொண்டை வறளப் பேசியிருப்பாள். ஒரு மனையில் மொத்தம் இவ்வளவுதான் கட்டலாம், தரையெல்லாம் பரப்பிக் கட்டினாலும் அவ்வளவுதான், அடுக்கி உயர்த்தினாலும் அவ்வளவுதான், இதுதானே விஷயம். அதைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும், கேட்டவர்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வெளியே டீக்கடையில் போய் "அந்தம்மா என்ன சொன்னுச்சு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். இப்போது முப்பத்து நாலு வயதில் இளம்பரிதி என்று ஒருவன் சென்னையிலிருந்து வந்தான், கண்காட்சிக்கு வடிவமைப்பாளன் என்று. வந்த மூன்றாவது வாரம் களிமண் இட்லியும் நிஜ இட்லித் தட்டும் ஒரு கிண்ணமும் வாங்கி வைத்தான், பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி மாட்டினான்: மாவு இவ்வளவுதான், ஒரே தட்டில் ஊற்றினாலும் சரி, மூன்று தட்டில் பிரித்து ஊற்றினாலும் சரி. முடிந்தது கதை. நேற்று ஒத்திகை பார்க்க வந்த தோட்டக்காரர் நின்று படித்துவிட்டு, "அட, இம்புட்டுத்தானா?" என்றார். இம்புட்டுத்தான். இருபத்து மூன்று வருஷத்து மங்கையர்க்கரசி இம்புட்டுத்தான்.

மணி பத்தே கால். ஆணையர் பதினொரு மணிக்கு வருவார், அவர் வந்து நாடாவை வெட்டினால் கண்காட்சி திறந்த மாதிரி. அதற்குள் அவள் வாசலோரத்து நாற்காலியில் வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் இன்றைக்கு அவளுக்குக் கொடுத்த வேலை. பதிவேட்டின் அட்டையில் புதுப் பசை நாற்றம் அடிக்கிறது. எதிரே பெயர்ப்பலகை. நம்ம ஊரு, நம்ம திட்டம். கருத்தும் வடிவமைப்பும்: இளம்பரிதி. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில், தகவல் உதவி: நகரமைப்புப் பிரிவு அலுவலர்கள். அந்தக் கூட்டத்துக்குள் எங்கேயோ அவளும் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிற ஆள் மாதிரி. அவன் கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால்கூட ஒரு நிம்மதி இருந்திருக்கும். அக்கா அக்கா என்று உயிரை விடுகிறான். முதல் நாளே வந்து, "நீங்களும் வாங்கக்கா, ரெண்டு பேருமாப் பண்ணுவோம்" என்றவன்தான், இவள்தான் "எனக்கு ஏகப்பட்ட வேலை கெடக்கு தம்பி" என்று பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு என்ன வேலை கிடந்தது? ஒன்றுமில்லை, சீவின பென்சிலையே மறுபடி சீவினாள். கூப்பிட்டபோது போகவில்லை, இப்போது பலகையில் பெயர் இல்லை என்று வயிறு எரிகிறது, இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அவன் படம் வந்தது, இட்லித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுச் சமையல்காரன் மாதிரி சிரித்துக்கொண்டு. அவள் புருஷன் தாமோதரன் அதைப் படித்துவிட்டு, "யாருடி இந்தப் பையன்? நீ இத்தன வருஷமா என்ன பண்றேன்னு எனக்கு இப்பத்தான் புரியுது" என்றார். நல்ல மனுஷன், பாராட்டத்தான் சொன்னார். அன்றைக்கு அவருக்கு வைத்த ரசத்தில் உப்பு போடவில்லை. மறந்துவிட்டது என்று சொன்னாள்.

ஆனால் மேசை இருக்கிறதே. அங்கே பார்க்கக் கூடாது, பார்த்தால் முகத்தில் தெரிந்துவிடும், பதிவேட்டில் கோடு போடு, வரிசை எண், பெயர், ஊர், கையெழுத்து. கோடு போட்டுக்கொண்டே கண் அங்கே போய்விடுகிறது. அரங்கத்தின் நடுவில் எட்டடி நீளத்துக்கு ஒரு மேசை, அதன்மேல் நாரையேந்தல் வார்டின் வரைபடம், தெருத் தெருவாக, கண்ணாடிக்கு அடியில். அந்த வார்டு ஜனங்கள் இன்றைக்கு இரண்டு வேனில் வருகிறார்கள். பச்சைக் கட்டை பூங்கா, மஞ்சள் கட்டை பஸ் நிறுத்தம், கறுப்புக் கட்டை குப்பை தரம்பிரிக்கிற கூடம். எது எங்கே வேண்டுமோ அவரவர் கையாலேயே வைக்கலாம், வைத்தால் அடியில் விளக்கு எரியும், மேலே தொங்குகிற கேமரா படம் எடுக்கும், மக்கள் கருத்து என்று அது அப்படியே அறிக்கையில் போகும், அறிக்கைப்படி குப்பைக் கூடத்துக்கு இடம் முடிவாகும். விளையாட்டு மாதிரி இருக்கும், விளையாட்டு இல்லை. நாரையேந்தலுக்கு வடக்கே ஒரு கண்மாய், தெற்கே ஒரு ஊருணி, நடுவே நேர்க்கோடாக ஒரு சாலை. கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆளில்லாத கருவேலங்காடு. ஊருணியை ஒட்டிப் பள்ளிக்கூடம், வீடுகள், குடிக்கிற தண்ணீர். படத்தில் இரண்டும் நீலம், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. சரி, வாசலில் நுழைகிறவனுக்கு எழுத்து நேராகத் தெரிய வேண்டும் என்று நினைத்து இளம்பரிதி மேசையைப் போட்டிருக்கிறான். அரங்கத்துக்கு வாசல் வடக்கே. ஆக, நுழைகிறவன் தெற்கே பார்த்து நிற்பான். அவனுக்கு எதிர் ஓரத்தில், தெற்குப் பக்கம், படத்தின் தலைப்பகுதி, படத்தின் வடக்கு. மேசையின் வடக்கு ஊரின் தெற்கைப் பார்த்துக் கிடக்கிறது. சுவரில் மாட்டியிருந்தால் ஒன்றுமில்லை. தரைக்கு மட்டமாகப் படுக்கப் போட்டால்தான் வினை. ஏனென்றால் நாரையேந்தல்காரர்களுக்கு வலது இடது வாயில் வராது. பந்தியில் உட்கார்ந்தால்கூட "அந்த உப்ப கொஞ்சம் கெழக்க தள்ளு" என்பார்கள். திசை அவர்களுக்கு உடம்பில் இருக்கிறது. எழுத்தை எவன் படிக்கிறான்? கை வடக்கே போகும், கட்டை தெற்கே விழும். வியாழக்கிழமை மத்தியானம் மேசை வந்து இறங்கினதுக்குக் கையெழுத்துப் போட வந்தவள் இதைப் பார்த்தாள். பார்த்த நிமிஷம் வயிறு குளிர்ந்தது. எட்டு வாரமாக எரிந்த வயிறு, மோர் குடித்தது மாதிரி, ஆகா. அப்படியே கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை முழுக்க இருந்ததே, சொல்லியிருக்கலாமே. இன்றைக்குக் காலையில் எட்டு மணிக்கே வந்தாளே. வாயில் என்ன கொழுக்கட்டையா? தெரியாதவள் என்றால் பரவாயில்லை, இந்த ஒன்று அவளைவிட வேறு யாருக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் படச்சுருளைப் பிரிக்குமுன் "உதிக்கிற பக்கம் எது?" என்று கேட்டு, காகிதத்தை மண்ணுக்கு ஒத்துத் திருப்பிப் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்தபிறகுதான் பேச ஆரம்பிப்பாள். அலுவலகத்தில் வாஸ்து அம்மா என்று கேலி. கேலி செய்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு என்ன தெரியும். சோலையப்பனை அவர்களுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம், புதுச் சாலைக்கு இடம் பார்க்கப் போன ஒரு கிராமத்தில், வெயில் நட்ட நடு உச்சியில், ஜீப்பின் முன்பக்கத் தகட்டில் அவசரமாகப் படத்தை விரித்தாள், தகடு தோசைக்கல்லாகக் கொதித்தது, சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்தது. சோலையப்பன் விரலை வைத்தார், "ரோட்டுக்கு மேக்க, இந்தா, எங் கெணறு, இதத் தொட்றாதீக" என்று. அவர் விரல் பட்ட இடத்தின் புல எண்ணை அவள் எழுதிக்கொண்டாள். படம் தலைகீழாகக் கிடந்தது. வேறு யாருடைய நிலத்துக்கோ அவர் ஆட்சேபணை பதிவாயிற்று, உமது நிலமல்ல என்று தள்ளுபடியாயிற்று, புதுச் சாலை கிணற்றின்மேல் போயிற்று. ஆறு மாசம் கழித்துக் கோப்பைப் புரட்டும்போதுதான் அவளுக்கே விளங்கியது. அந்த மனுஷன் ஒரு தடவை அலுவலகத்துக்கு வந்தார், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "நான் சரியாத்தானே தாயி காமிச்சேன்?" "கோப்புல அப்படித்தான் இருக்குய்யா." அவ்வளவுதான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, பத்தொன்பது வருஷம். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள், அவள் ஊமைகூட இல்லை.

அதனால்தான் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் சொல்ல முடியவில்லை. சொன்னால் என்ன ஆகும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அப்படித்தான் பேசுவார்கள். பேர் போடவில்லை என்ற ஆத்திரத்தில் அந்தம்மா கடைசி நேரத்தில் நொட்டை சொல்கிறது என்பார்கள். அது ஒரு சாக்கு. அவளுக்கே தெரியும் சாக்கு என்று. ஆணையர் முன்னால் அவன் முகம் சுண்டிப் போவதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான், ஒரு தடவை. இட்லித் தட்டு வைத்த அந்தத் தலை ஒரு தடவை கவிழ வேண்டும். அதற்கு நாரையேந்தல்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஒன்றும் ஆகாது, படத்தைப் பார்த்தால் அவர்களுக்கே தெரியாதா, பள்ளிக்கூடம் என்று எழுதித்தானே இருக்கிறது, கொட்டை எழுத்தில் இல்லை, சின்ன எழுத்தில், ஆனாலும் எழுதியிருக்கிறது. யாராவது கேட்பார்கள், அவன் அசடு வழிவான், அத்தோடு போகும். "அக்கா, டீ." தலை நிமிர்ந்தால் அவன். இரண்டு கையிலும் காகிதக் கோப்பை, சட்டைக் கையில் பசை, கண் சிவந்திருந்தது, தூங்கியிருக்க மாட்டான். அவளுக்குச் சர்க்கரை கம்மி என்பதுகூட அவனுக்கு நினைவிருக்கிறது. "பயமா இருக்குக்கா. எல்லாம் சரியா இருக்கா, எதாவது விட்டுப்போச்சா? நீங்க ஒரு கண்ணு பாத்துச் சொன்னீங்கன்னா எனக்குத் தெம்பா இருக்கும்." கடவுளே, இதைவிட ஒருவன் எப்படிக் கதவைத் திறந்து வைப்பான். டீ நாக்கைச் சுட்டது. பாத்துச் சொல்லு, சொல்லு, மேசை தம்பி, மேசை என்று ஒரு சொல் போதும். "எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி" என்றாள். அவன் பெரிய மூச்சாக விட்டான். "நீங்க சொன்னாச் சரிதான்" என்று போனான். அந்த டீயை அவளால் முழுக்கக் குடிக்க முடியவில்லை, நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஆணையர் பதினொன்று இருபதுக்கு வந்தார், நாடாவை வெட்டினார், இட்லித் தட்டைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவள் காதில் விழுந்த இடத்தில் கொப்புளம் வந்திருக்கும். பின்னாலேயே நாரையேந்தல் ஜனங்கள், நாற்பது பேர் இருப்பார்கள். பதிவேட்டில் ஒவ்வொரு கையெழுத்தாக வாங்கி, கைநாட்டுக்கு மை தொட்டுக் கொடுத்து, இவர்கள் எல்லாருக்கும் படத்திலிருக்கிற எழுத்து எறும்பு ஊர்ந்த தடம்தான் என்று அவளுக்கு விளங்கிக்கொண்டே வந்தது. கைநாட்டு, கைநாட்டு, ஒரு கையெழுத்து, கைநாட்டு. இருளாயி என்று ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், விரலை மையில் அழுத்தினவள் நிமிர்ந்து, "இதுல எதுக்கு தாயி ரேக? கேசு கீசு ஒண்ணும் இல்லையே?" என்றாள். "இல்லம்மா, வந்ததுக்கு அடையாளம்." "குப்பைய எங்கிட்டுக் கொட்டன்னு எங்களையே கேக்கப் போறாகளாமே, நெசமாவா?" "நெசந்தான்." "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் கேக்குறாக" என்று முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு இருளாயி உள்ளே போனாள். மங்கையர்க்கரசி பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து போனாள், யாரும் கூப்பிடவில்லை, கால் போயிற்று. மேசையைச் சுற்றி ஒரே தலை. இளம்பரிதி ஒவ்வொரு கட்டையாகத் தூக்கிக் காட்டினான், அவன் குரலே ஒரு அழகு, பள்ளிக்கூடத்தில் நல்ல வாத்தியாருக்கு வாய்க்கிற குரல். முதலில் யார் என்றான். இருளாயி கறுப்புக் கட்டையை எடுத்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாள், உடம்பு தானாக ஊரை நினைத்துக்கொண்டது. "கம்மாய்க்கு வடக்க கருவேலங்காடு கெடக்குல்ல, அங்கிட்டு வச்சா ஒருத்தருக்கும் நாத்தம் வராது" என்று சொல்லிக்கொண்டே கட்டையைத் தன் வயிற்றை ஒட்டின ஓரத்தில், நீலத்துக்குப் பக்கத்தில், அழுத்தி வைத்தாள். விளக்கு எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஊருணிக்கரையில், பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி, கறுப்புக் கட்டை உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது ஆள் அதே இடம். மூன்றாவது, நாலாவது. இருளாயி வைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்கு. ஏழு கறுப்புக் கட்டை. ஒவ்வொன்றுக்கும் விளக்கு, ஒவ்வொன்றுக்கும் கை தட்டல், மேலே கேமரா சொடக்குப் போட்டமாதிரி சத்தம் செய்துகொண்டே இருந்தது. யாராவது கேட்பார்கள் என்று நினைத்தாளே, ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி என்ன இருக்கிறது, அவர்கள் கை சரியாகத்தான் போகிறது. ஆணையர் குனிந்து பார்த்தார். எழுத்துப் படிக்கத் தெரிந்த மனுஷன், ஆச்சரியமாக முகத்தை வைத்துக்கொண்டார். "பரவாயில்லையே, நம்ம வரைவுத் திட்டத்துலயும் ஊருணிப் பக்கந்தான போட்டிருந்தோம், எதிர்ப்பு வரும்னு பயந்துக்கிட்டு நிறுத்தி வச்சோம். இப்ப ஜனங்களே கேக்குறாங்க. இதையே பதிவு பண்ணிருங்க" என்றார். ஜனங்கள் அவர் சொன்னதை முழுக்கக் கேட்கவில்லை, பெரியவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று அவர்களும் சிரித்தார்கள். இருளாயி கையைக் குவித்துக் கும்பிட்டாள். கோப்புல அப்படித்தான் இருக்குய்யா. அந்தக் குரல் மங்கையர்க்கரசிக்கு அவள் வாயிலிருந்தே கேட்டது, பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின குரல், மெல்லிசாக, பொய்யாக. சொல்லு. இப்போதாவது சொல்லு. ஆனால் சொன்னபோது அவள் நினைத்த மாதிரி அது வரவில்லை. பக்கத்தில் நிற்கிறவனிடம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம், அவன் சட்டைக் கை இவள் முழங்கையில் உரசிக்கொண்டுதான் இருந்தது. அதைச் செய்யவில்லை. ஆணையர் காதில் விழுகிற மாதிரி, நாற்பது பேர் காதிலும் விழுகிற மாதிரி, தொண்டையைத் திறந்து, "சார், இந்த மேச தலைகீழாக் கெடக்கு! வடக்கு தெக்கு மாத்திப் போட்டு வச்சிருக்காங்க!" என்றாள். ஜனங்களுக்காகத்தான் சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்கவும் சொன்னாள். இரண்டில் எது முந்தியது என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. சொல்லி முடித்த கையோடு அவனைப் பார்த்தாள்.

அவன் முகம் சுண்டவில்லை. ஒரு நிமிஷம் மேசையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டு சிரித்தான். "ஆமாம் சார். தப்பு என்னுதுதான்" என்றான். அவ்வளவு சுலபமாக. காய்கறிக்காரனிடம் சில்லறை இல்லை என்று சொல்கிற மாதிரி. ஜனங்கள் பக்கம் திரும்பி, "அம்மா, நான் ஒங்க ஊரைத் திருப்பிப் போட்டுட்டேன், நீங்க கருவேலங்காட்டுல வச்சது பள்ளிக்கூடத்து மேல விழுந்துருச்சு. மன்னிச்சுக்கங்க. வாங்க, ஆளுக்கு ஒரு கை பிடிங்க, ஊரைத் திருப்பிருவோம்" என்றான். இருளாயிதான் முதலில், "அடியாத்தி, பள்ளிக்கூடத்துலயா வச்சேன்!" என்று வாயில் அடித்துக்கொண்டாள், சிரிப்பு கிளம்பியது. பத்துப் பன்னிரண்டு பேர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசையைத் தூக்கினார்கள், சுத்து, சுத்து, இன்னும் கொஞ்சம் கெழக்க என்று அவர்களே கத்தினார்கள். மேசை திரும்பி உட்கார்ந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் போய் நின்று, "ஏ, இந்தா எங்க தெரு!" "அங்கிட்டுப் பாரு, கம்மா!" என்று கூவினார்கள், காலையிலிருந்து கேட்காத கூச்சல். கறுப்புக் கட்டைகள் ஏழும் ஊருணிக்கரையிலிருந்து எழுந்து கருவேலங்காட்டுக்குப் போயின. எடுத்த படங்களை அழித்துவிடச் சொல்லி இளம்பரிதி கேமராக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னான். ஆணையர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, இதுதான் இருக்குறதுலயே நல்லா இருக்கு. ஒவ்வொரு வார்டு ஆளுங்களும் மொதல்ல வந்து மேசையைத் திருப்பட்டும், கண்காட்சியில இதையே ஒரு பகுதியா வச்சிருங்க" என்றார். இவள் இருபது வருஷமாக நாலு கல் வைத்துச் செய்த காரியம், அரை மணி நேரத்தில் அவன் கண்காட்சியில் ஒரு பகுதியாகிவிட்டது. "என் யோசனை இல்ல சார், அக்காவோடது" என்று அவன் இவளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டான். ஆணையர் நல்லது நல்லது என்றார், அவர் கண் மட்டும் அவன் மேலேயே இருந்தது.

அவள் எதற்குப் பொறாமைப்பட்டாளோ அது இட்லித் தட்டு இல்லை, பேப்பர் படம் இல்லை. தப்பு என்னுது என்று நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டு, ஒன்றும் குறையாமல் நிற்க ஒருவனுக்கு முடிகிறது. அவளுக்கு ஒற்றை மனுஷன் முன்னால், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற மனுஷன் முன்னால்கூட முடியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் சத்தம் நடந்துகொண்டிருந்தது. அவன் வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். "ரெண்டு நாளா இதையே சுத்திச் சுத்தி வர்றேன்க்கா, என் கண்ணுல படலையே. ஒங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுச்சு?" குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வியாழக்கிழமை. மத்தியானம். கையெழுத்துப் போடும்போது. நாலு வார்த்தை, அதைச் சொல்லிவிட்டால் அவளும் அவனைப் போல ஆகிவிடலாம், இந்த நிமிஷமே, இதே இடத்தில். அவள் வாயைத் திறந்தாள். "இப்பத்தான் தம்பி" என்றாள். "அந்தம்மா கை போன திக்கப் பாத்தேன், பாத்ததும் பொறி தட்டுச்சு." "நல்லவேளைக்கா, நீங்க இருந்தீங்க" என்று அவன் தலையாட்டினான். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்றுகூட அவன் தேடிப் பார்க்கவில்லை, சொன்னதை அப்படியே நம்பினான். ஒருவனால் இப்படி நம்பக்கூட முடிகிறதே என்று, அதற்கும் அவளுக்கு வயிறு எரிந்தது.